மலைக்கள்ளனுக்கு முன்னும் பின்னும்

புதிதாக வெளியான ஒரு படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சற்று நேரத்துக்கெல்லாம் பழைய படம் ஒன்று பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்ச் சினிமா பற்றிய உரையாடல்களில் இது ஏறக்குறைய ஒரு விதி. பெரும்பாலும் அந்தப் பழைய படம் புதிய படத்தை மட்டம் தட்டுவதற்காகவே அழைத்துவரப்படுகிறது. "அந்தக் காலத்திலேயே எடுத்துவிட்டார்கள்" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஒப்பீடு என்பது தீர்ப்பு வழங்குவதற்கு மட்டும்தானா? பழையதையும் புதியதையும் அருகருகே வைக்கும்போது, தனித்தனியாகப் பார்க்கையில் புலப்படாத ஏதேனும் தெரிகிறதா? நாங்கள் இருவரும் சில காலமாக இதைப் பற்றிப் பேசிவருகிறோம். அந்தப் பேச்சின் சாரத்தைத் தொகுத்துக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

எங்கள் பேச்சு மலையைச் சுற்றியே வருவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இருவருமே கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டுக்கும் சோளக்காட்டுக்கும் அடிக்கடி போய்வருகிறவர்கள். எங்களில் மூத்தவர் எம்.ஜி.ஆர். படங்களை டூரிங் டாக்கீஸ் மணலில் அமர்ந்து பார்த்தவர். இளையவருக்கு அந்தப் படங்கள் தொலைக்காட்சி வழியாகவே அறிமுகம். 2023இல் வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் வெளியானபோது, இளையவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மூத்தவர் 'மலைக்கள்ளன்' என்றார். முதலில் அது பொருத்தமில்லாத குறுக்கீடாகவே பட்டது. யோசிக்க யோசிக்க, அந்த இரு படங்களுக்கும் இடையில் ஒரு நீண்ட பாதை இருப்பது தெரிந்தது.

'மலைக்கள்ளன்' எங்கள் வட்டாரத்துக்குச் சொந்தமான கதை என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. அதை நாவலாக எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888இல் காவிரிக்கரை மோகனூரில் பிறந்தவர், ஓவியர், 1930 உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நடைப்பாட்டு எழுதியவர் என்பதெல்லாம் பாடப்புத்தகம் வழியாக எல்லோரும் அறிந்தவை. காந்தியவாதியான அவர் ஒரு கள்ளனை நாயகனாக்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு அந்நாவலை 1954இல் படமாக்கினார். வசனம் மு. கருணாநிதி, நடிப்பு எம்.ஜி.ஆர்., பி. பானுமதி. காந்தியக் கவிஞரின் கதை, திராவிட இயக்கத்தவரின் வசனம், பின்னாளில் அவருக்கே எதிரணியில் நின்ற நடிகர் என்ற இந்தச் சேர்க்கையே தனிக் கட்டுரைக்குரியது.

படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என மற்ற மொழிகளிலும் எடுக்கப்பட்டது. 1955இல் வந்த இந்தி வடிவமான 'ஆசாத்' படத்தில் திலீப் குமார் நடித்து பிலிம்ஃபேர் விருதும் பெற்றார். துயர நாயகனாகவே அறியப்பட்டிருந்த திலீப் குமாரைச் சிரிக்கவும் வேடம் போடவும் வைத்த கதை, நாமக்கல்காரர் ஒருவரின் கற்பனையில் பிறந்தது என்பதில் எங்கள் மூத்தவருக்கு இன்றும் பெருமிதம்.

அப்படி என்ன இருந்தது அந்தக் கதையில்? செல்வர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் கள்ளன். அவனே வணிகர் அப்துல் ரஹீமாகவும் ஊருக்குள் உலவுகிறான். காவல்துறை அவனைத் தேடுகிறது. ஊரில் மதிப்போடு வாழ்பவர்களே உண்மையான கொள்ளைக்காரர்கள் என்பது மெல்ல வெளிப்படுகிறது. இராபின் ஹூட் கதையின் சாயல் இருப்பதை யாரும் உடனே சொல்லிவிடலாம். ஆனால் அதற்கும் முந்திய சாயல் ஒன்று இந்த மலையிலேயே இருக்கிறது.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஒரு காட்சியைச் சொல்கிறார். காட்டில் ஒரு வேட்டுவன். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் செல்கிறது. பாணர் கூட்டம் அவனை வியந்து பாடுகிறது. இவன் ஓரியோ, அல்லனோ என்ற ஐயம் அவர்களுக்கு. அவன் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாமலே வேட்டை இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் காட்டுவழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரிதான் அவன். தன்னை மறைத்துக்கொண்டு கொடுக்கும் மலைத் தலைவன் என்ற படிமம் தமிழில் அன்றே உருவாகிவிட்டது. நாமக்கல் கவிஞர் அந்தப் பாடலை மனத்தில் வைத்து எழுதினார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு படிமம் ஓர் ஊரின் காற்றில் இருந்தால், அது யாருடைய எழுத்திலும் வந்து இறங்கக்கூடும்.

ஓரிக்கும் மலைக்கள்ளனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எங்கள் இளையவர்தான் அதைக் கவனப்படுத்தினார்: "அண்ணா, ஓரி அந்த மலையின் ஆள். மலைக்கள்ளன் மலையின் ஆளே இல்லை." உண்மைதான். படத்தின் முடிவில், காணாமற்போன குமாரவீரன் என்ற நல்ல குடும்பத்துப் பிள்ளையே கள்ளன் என்பது தெரியவருகிறது. நாயகியின் உறவுக்காரன். ஆகவே திருமணத்துக்கும் தடையில்லை. மலை அவனுக்கு ஒரு மறைவிடம் மட்டுமே. வேலை முடிந்ததும் இறங்கி வந்துவிடலாம். 1950களின் தமிழ்ப்படங்களில் மலை பொதுவாக இதுதான். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யில் கொள்ளைக்காரனாகத் திரிபவன் இராஜகுருவின் மகன். 1956இல் அதே நிறுவனத்தின் டி.ஆர். சுந்தரம் தமிழின் முதல் வண்ணப்படமாக எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் மலைக்குகை ஒரு கருவூலம். நாயகன் விறகுவெட்டிதான்; ஆனாலும் குகைக்குள் போவது செல்வத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவதற்கே. மலையில் மறைந்திருப்பவர்கள் உண்டு, ஒளித்துவைக்கப்பட்ட பொருள் உண்டு. மலையில் வாழ்பவர்களின் கதை மட்டும் இல்லை.

கொல்லிமலையில் வாழ்பவர்கள் யார்? வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊர்களில் தினையும் சாமையும் விளைவித்து, மிளகும் பலாவும் காபியும் வளர்த்து வாழும் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தவரோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் இம்மலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. சேர்வராயன், பச்சைமலை, சித்தேரி, கல்வராயன் மலைகளிலும் இருப்பவர்கள் இவர்களே. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

சமவெளியின் கற்பனையில் மலைக்கு இன்னொரு முகமும் உண்டு. கொல்லிப்பாவை. சங்கப் பாடல்கள் தலைவியின் அழகுக்கு உவமையாகச் சொல்லும் அந்தப் பாவை, நெருங்குவோரைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும் என்பது பின்னாளில் வளர்ந்த கதை. அள்ளிக் கொடுக்கும் ஓரி ஒருபுறம், அழகு காட்டிக் கொல்லும் பாவை மறுபுறம். மலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வள்ளலாகவோ கொலைகாரியாகவோதான் தென்படுகிறது. சினிமாவும் இவ்விரு முகங்களையே மாற்றி மாற்றிக் காட்டியது.

இரண்டாவது முகம் முழு வேகத்தோடு வந்தது 1991இல். ஆர்.கே. செல்வமணியின் 'கேப்டன் பிரபாகரன்', விஜயகாந்தின் நூறாவது படம். சந்தன மரக் கடத்தல்காரன் வீரபத்திரனாக மன்சூர் அலிகான். அவனைத் தேடி வனத்துக்குள் நுழையும் அதிகாரியாக விஜயகாந்த். கடத்தல்காரனுக்குப் பின்னால் அதிகாரமும் அரசியலும் நிற்பதைச் சொல்லும் துணிச்சல் அந்தப் படத்துக்கு இருந்தது. ஆனால் 1954இல் கள்ளனின் தோளுக்குப் பின்னால் நின்ற கேமரா, 1991இல் சீருடையின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. நாயகன் காட்டுக்குள் நுழையும்போது அரங்கம் கைதட்டியது. 2025இல் அந்தப் படம் மறுவெளியீடு கண்டபோதும் கைதட்டல் குறையவில்லை.

அந்தக் கைதட்டலுக்கு அடுத்த ஆண்டு, 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி. சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலையாளிப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். பெண்கள் பதினெட்டுப் பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது, அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஒரு படம் ஒரு கொடுமைக்குக் காரணமாகிவிட்டது என்று சொல்லும் அசட்டுத்தனத்தில் எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் மலைக்குள் நுழையும் சீருடை என்ற ஒரே காட்சி, ஓராண்டு இடைவெளியில் திரையில் வீரமாகவும் வாச்சாத்தியில் வன்கொடுமையாகவும் இருந்தது என்பது வரலாறு. திரையில் நமக்குக் காட்டப்படாமல் போனவர்களே வாச்சாத்தியில் அடிபட்டவர்கள்.

இந்த இடத்தில்தான் 'விடுதலை' புதிய படமாகிறது. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து கிளைத்த இந்தப் படத்தில், காவலர் குமரேசனாகச் சூரி, தேடப்படும் பெருமாள் வாத்தியாராக விஜய் சேதுபதி. 2010இல் மணிரத்னத்தின் 'ராவணன்' காட்டுத் தலைவனுக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது. தங்கைக்குக் காவலர்களால் இழைக்கப்பட்ட கொடுமை அங்கே பேசப்பட்டது. ஆயினும் அது ஒரு குடும்பத்தின் பழிவாங்கலாகவே நின்றது. 'விடுதலை' முதல் பாகத்தில் மலைக்கிராமம் ஒன்று முழுவதுமாக விசாரணை முகாமுக்கு இழுத்துவரப்படுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் சீருடை அணிந்த கடைநிலைக் காவலன். அவனுடைய குற்றவுணர்வு நம்முடையதாகிறது. முகாம் காட்சிகளைப் பார்க்கும் தமிழ் வாசகர் எவருக்கும் வாச்சாத்தி நினைவுக்கு வராமல் இருக்காது. யார் கள்ளன் என்று கேட்டது 'மலைக்கள்ளன்'. கள்ளன் என்று பெயர் சூட்டும் அதிகாரம் யாருடையது என்று கேட்கிறது 'விடுதலை'. எழுபது ஆண்டுகளில் கேள்வி இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. பழைய படத்தை அருகில் வைக்காமல் இந்த நகர்வை அளக்க வழியில்லை.

அதே அளவுகோல் புதிய படத்தின் எல்லையையும் காட்டுகிறது. 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் கதை பெருமாள் வாத்தியாரின் கடந்த காலத்துக்கு நகர்ந்து, பெரும்பகுதி சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. பண்ணை அடிமைத்தனம், தொழிற்சங்கம், தத்துவ விவாதம் எல்லாம் முக்கியமானவைதாம். ஆனால் முதல் பாகத்தில் நம் கண்முன் துடித்த மலைக்கிராமத்து முகங்கள் இங்கே பின்னணியாகிவிடுகின்றன. கருத்தும் தலைமையும் கீழிருந்து மேலே போகின்றன. மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இவரும் குமாரவீரன்தானே?" இளையவர் மறுத்தார். பெருமாள் உயிரைக் கொடுக்கிறவர். திருமணத்தோடு முடியும் கதை அல்ல அது என்றார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கருத்து வேறுபாட்டை நாங்கள் தீர்த்துக்கொள்ளவில்லை.

ஓரியின் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்துவிட்டான் என்கிறது அகநானூற்றின் 209ஆம் பாடல். மலையை வென்றவர்களும் அதைப் பெற்றவர்களும் மேலே வாழ்ந்தவர்களைக் கேட்டதாகப் பாடல்களில் இல்லை. இன்று ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. செம்மேட்டில் சிலை நிற்கிறது. வள்ளலாகவோ கள்ளனாகவோ கடத்தல்காரனாகவோ அன்றி, தினை விதைக்கும் ஒரு சாதாரண மனிதனாக மலையாளி ஒருவன் நாயகனாகும் படம், எங்கள் இருவர் நினைவிலும் எதுவும் இல்லை. அப்படியொரு படம் வந்தால், அதன் அருகே வைத்துப் பேச எங்களிடம் பழைய படம் இருக்காது. அன்றைக்கு மூத்தவர் என்ன சொல்வார் என்று கேட்க இளையவர் காத்திருக்கிறார்.