புளியங்கொட்டையும் கணக்கும்

கொங்கு நாட்டில் மாசி, பங்குனி மாதங்கள் புளி உலுக்கும் காலம். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டும் வேலைக்கு வீட்டுப் பெண்கள் வட்டமாக அமர்வர். சிதறிய கொட்டைகள் பிள்ளைகளுக்கு உரியவை. பல்லாங்குழிக்குக் காய்கள் அவையே.

பலகையில் ஏழேழாக இரு வரிசை, 14 குழிகள். குழிக்கு ஐந்து இட்டால் 70 காய்கள். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட வேண்டும். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அது வெற்றுக்குழியாயின், அதற்கப்பால் உள்ள காய்கள் ஆடுபவருக்குச் சேர, ஆட்டம் கைமாறும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. எங்குத் தொடங்கினால் எங்கு முடியும் என்று ஆறு வயதுச் சிறுமி மனத்துள் எண்ணுகிறாள். கூட்டலும் கழித்தலும் விரல்நுனி வழியே வந்துசேர்கின்றன. (பந்தயம் வைத்து ஆடுவது வேறு, அது சூது.)

இவ்வகை ஆட்டங்களுக்கு உலகம் வழங்கும் பொதுப்பெயர் 'மன்காலா'. இடம்பெயர்த்தலைக் குறிக்கும் 'நகல' என்னும் அரபு வினையிலிருந்து பிறந்த சொல் அது. நம் திண்ணை ஆட்டத்துக்கு அரபுலகிலும் ஆப்பிரிக்காவிலும் உறவுண்டு.

1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்; 1942 முதல் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றினார். அவர் வகுத்த கருவிகளுள் ஒன்றில் 0 முதல் 9 வரை பத்து அறைகள். 45 குச்சிகளைக் குழந்தை எண்ணி இட வேண்டும். பூச்சிய அறை வெறுமையாகவே நிற்கும். வெற்றுக்குழியைக் கண்டு பழகிய பிள்ளைக்கு அது விந்தையாகத் தோன்றியிராது. 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தோன்றியது. வீட்டோடு நின்ற குழந்தை வளர்ப்பு அங்கே கல்லூரிப் படிப்பில் இடம்பெற்றது.

விளையாட்டு வீண்பொழுது என்பது நம் மார்க்க மரபின் எண்ணமன்று. ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இன்னும் தெளிவாகப் பேசுகிறார்: ஓதிவிட்டு வரும் பிள்ளையை விளையாட விடவேண்டும், அதைத் தடுத்து ஓயாது பாடத்தையே சுமத்தினால் உள்ளம் மடியும், அறிவு மழுங்கும், பாடத்திலிருந்து தப்பும் தந்திரத்தையே பிள்ளை தேடும்.

ஒன்பது நூற்றாண்டு கடந்தும் கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் நான்கு வயதுப் பிள்ளை காலையில் எல்.கே.ஜி., மாலையில் மக்தப், அதன்பின் டியூஷன் என்று அலைகிறது. எம் வீட்டிலும் அவ்வாறே இருந்தது. சென்ற பங்குனியில் பாட்டியாரின் பலகையைப் பரணிலிருந்து இறக்கினோம். பழைய காய்கள் 61 மட்டுமே கிடைத்தன. இன்னும் எத்தனை வேண்டுமென்று பேரன்தான் எண்ணிச் சொன்னான்.