கப்பல் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்

1860 நவம்பர் 16ஆம் நாள் ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்னையிலிருந்து போன முதல் கூட்டம் அது. 1911இல் இந்த ஏற்பாடு நிற்கும் வரை சுமார் 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களை அதிகமாக அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று வட ஆற்காடு. ஆம்பூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இன்று தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற பாலாற்றுப் பகுதி ஊர்கள் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1903 முதல் 1916 வரை சென்னை வழியாக பீஜித் தீவுக்குப் போன சுமார் 15,000 பேரிலும் வட ஆற்காட்டுக்காரர்களே முன்னால் நின்றனர்.

அவர்களைத் துரத்தியது பசி. பாலாற்றில் வெள்ளம் வரும் நாட்களை விட மணல் தெரியும் நாட்களே அதிகம். ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்களில் இரண்டு பருவம் மழை பொய்த்தால் நிலமில்லாத குடும்பங்களுக்குப் போக்கிடம் கிடையாது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்தப் பகுதியைச் சூறையாடியது. வெளியேற வழி செய்து கொடுத்தது ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் ஆற்காட்டுக்கு அருகே உள்ள வாலாஜா ரோடு. பின்பு அந்தப் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் வழியாக மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் கட்டுகளைச் சென்னைத் துறைக்குக் கொண்டுபோன அதே பாதையில்தான் ஆட்களும் போனார்கள். தொடக்க ஆண்டுகளில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் இல்லை. கரையிலிருந்து மசூலாப் படகில் அலையைத் தாண்டி, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு ஏற வேண்டும். கடலையே பார்த்திராத உழவுக்கூலிகளுக்கு ஊரோடு இருந்த கடைசித் தொடர்பு அந்தப் படகுதான்.

கப்பல் ஏறும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம். ஆளை அடையாளம் காணவும் கணக்கு முடிக்கவும் எழுதிய வரி அது. நேட்டாலுக்குப் போன ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் பட்டயம் அதுவே. இந்தப் பட்டியல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கும் குடும்ப வரலாறு தேடுவோருக்கும் கிடைக்கும்படி செய்யப்பட்டுள்ளன.

எழுதியவர்கள் ஆங்கில எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஆங்கில எழுத்தில் ல, ள வேறுபாடு தெரியாது. ந, ன, ண மூன்றும் ஒன்று. குறில் நெடில் குழம்பிப்போகும். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார், முனிசாமி ‘மூன்சாமி’ ஆனார். பாட்டனின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்து, ஐந்தாறு தலைமுறைக்குப் பின்னும் டர்பன் நகர வீட்டுவாசல் பலகையில் நிற்கிறது. ஊர்ப்பெயரின் பாடு இதைவிட மோசம். வட ஆற்காட்டில் ‘குப்பம்’ என்றும் ‘பட்டு’ என்றும் முடியும் ஊர்கள் எண்ணற்றவை. முன்பாதி சிதைந்துபோனால் எந்தக் குப்பம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

போனவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடவில்லை. பத்தாண்டு முடித்தவர்களுக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு. 1871இல் ரெட் ரைடிங் ஹூட் என்ற கப்பலில் சென்னைக்குத் திரும்பியவர்கள் அடி, உதை, கூலிப் பிடித்தம் என்று தாங்கள் பட்ட பாட்டை அதிகாரிகளிடம் முறையிட்டனர். அதன் விளைவாக 1872இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. 1866இல் நின்றுபோயிருந்த ஆள் அனுப்புதல் 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. படிப்பறிவில்லாத தோட்டக் கூலிகள் முறையிட்டு ஓர் அரசை விசாரணைக் குழு அமைக்க வைத்த இந்த வரலாறு வட ஆற்காட்டுப் பள்ளிகளில் சொல்லித்தரப்பட வேண்டிய ஒன்று. 1927 கேப் டவுன் உடன்பாட்டுக்குப் பின் உதவிப்பணம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை வேறு. அவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். சென்னையில் அவர்கள் அந்நியரைப் போல அல்லற்பட்டதை 1931இல் வெளிவந்த ஓர் அறிக்கை பதிவு செய்தது.

அங்கேயே தங்கியவர்களின் வீட்டில் தமிழ் இரண்டு மூன்று தலைமுறைக்குத் தாக்குப்பிடித்தது. காந்தியடிகள் 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் தமிழ்ப் பகுதி இருந்தது. தமிழ்ச் சங்கங்கள் மாலை நேரப் பள்ளிகள் நடத்தின. தென்னாப்பிரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுமொழி தமிழ் என்று சொன்னவர்கள் 1970இல் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். 1980இல் அந்த எண் 25,000க்கும் கீழே போனது. 1991இல் நாலாயிரத்தை ஒட்டி நின்றது. கூட்டுக்குடும்பம் உடைந்தது, இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பழைய குடியிருப்புகளைக் கலைத்தது, பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலமானது. பாட்டியிடம் பேச மட்டும் தேவைப்பட்ட மொழி பாட்டியோடு போயிற்று. பீஜியில் தென்னிந்தியர்களின் பேச்சு இந்தி மொழிக்கு மாறியது. அங்கே 1926இல் சாது குப்புசாமி நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளில் தமிழைக் காப்பாற்றப் போராடியது.

மொழி போன பின்பும் சில பழக்கங்கள் போகவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது வட ஆற்காட்டில் இன்றும் தெருத்தெருவாக நடக்கிறது. டர்பனில் அதன் பெயர் ‘பாரிட்ஜ் பிரேயர்’. பெயர் ஆங்கிலம், கூழ் நம்முடையது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதியும் அங்கே உண்டு. ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்து நேட்டாலில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ ஆயிற்று. தெருக்கூத்து என்ற சொல்லை ஆங்கிலக் காது அப்படித் திரித்துக்கொண்டது. தமிழர்கள் குடியேறிய இன்னொரு தீவான ரீயூனியனிலோ ‘நாடகம்’ என்ற சொல் ‘நார்ல்கோன்’ என்று உருமாறிக் கிடக்கிறது. டர்பன் இளைஞர்கள் விளையாடும் ‘துன்னி’ என்ற சீட்டாட்டத்தின் பெயர் ‘தண்ணி’யிலிருந்து வந்தது என்பார்கள். இப்படிச் சிதறிக் கிடக்கும் சொற்களே பேரப்பிள்ளைகளை மொழியின் பக்கம் திருப்புகின்றன.

மொழியை மீட்கும் முயற்சி தமிழர்கள் குடியேறிய நாடுகளிலேயே தொடங்கியது. மொரீஷியஸில் 1970இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனம் தமிழையும் கற்பிக்கிறது. 1998இல் அந்நாட்டுப் பணத்தாளில் தமிழின் இடம் கீழே தள்ளப்பட்டபோது தமிழர்கள் கொதித்தெழுந்ததால் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் 1984இல் இந்திய மொழிகள் பள்ளிப் பாடமாயின. 1996 அரசியலமைப்பு தமிழைப் பெயர் சொல்லி மதிக்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தமிழ்நாட்டில் சென்னை தரமணியின் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970இலும், இணையவழி கற்பிக்கும் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இலும் தோன்றின. 2023இல் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ திட்டம் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறது.

சுற்றிப் பார்ப்பது நல்லதே. மொழி அதனால் வந்துவிடாது. அயர்லாந்து இதில் ஒரு பாடம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகள் லட்சக்கணக்கில் அமெரிக்கா போனார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலமே மிஞ்சியது. 1893இல் மொழி இயக்கம் பிறந்த பின், ஐரிஷ் இன்னும் வீட்டில் புழங்கும் மேற்குக் கடலோர ஊர்களில் கோடைகாலக் கல்லூரிகள் முளைத்தன. டோனிகால் பகுதியின் க்ளென்கொலம்கில் என்ற சிற்றூரில் 1984 முதல் இயங்கும் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாடுகளிலிருந்தும் பெரியவர்கள் வந்து படிக்கிறார்கள். பாட்டன் பேசிய மொழியை அது இன்றும் பேசப்படும் ஊரிலேயே போய்க் கற்பது என்பது அவர்கள் கண்ட வழி.

வட ஆற்காட்டுக்குத் திரும்பி வருபவருக்கு அப்படி ஒரு வழி அமையவில்லை. முதலில் மாவட்டமே குழப்பும். பட்டியல் எழுதிய காலத்தில் வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, பின்னாளில் ஆந்திரத்துக்குப் போனது. பட்டியல் எழுதிய அந்தக் காலத்தில் ஆம்பூர் வட ஆற்காட்டிலும், பதினாறு கிலோமீட்டர் தள்ளியுள்ள வாணியம்பாடி சேலம் ஜில்லாவிலும் இருந்தன. 1989இல் வட ஆற்காடு இரண்டாக உடைந்தது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வந்தன. ‘நார்த் ஆர்காட்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வருபவர் இரண்டு மாநிலங்களில், நாலைந்து மாவட்டங்களில் தேட வேண்டியிருக்கிறது.

ஊரைக் கண்டுபிடித்தாலும் பேச்சு வேறாக இருக்கும். பாடப்புத்தகத்தில் ‘இருக்கிறது’ என்று படித்து வந்தவருக்குக் குடியாத்தம் பேருந்து நிலையத்தில் ‘கீது’ என்றுதான் காதில் விழும். ‘பேசிக்கொண்டு’ என்பது ‘பேசிகினு’ ஆகியிருக்கும். ஆம்பூர்க் கடைத்தெருவில் தமிழோடு உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். கப்பலேறிய கூலி வீட்டில் பேசிய தமிழ் பாடப்புத்தகத் தமிழைவிட இந்தத் தெருத்தமிழுக்கே நெருங்கியதாக இருந்திருக்கும். அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு எழுத்துத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது, வந்தவருக்குச் சேர வேண்டியதில் பாதியைக் கொடுக்காமல் விடுவதாகும்.

வேலூர் ஊரீசுக் கல்லூரி 1898 முதலும், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919 முதலும் இந்த மண்ணில் இயங்குகின்றன. இந்த வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் சேர்ந்து நேட்டால், பீஜி பட்டியல்களில் உள்ள வட ஆற்காட்டு ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றையும் நேரில் விசாரித்து, தமிழ் எழுத்தில் திருத்தி, இன்றைய வட்டத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும். அந்த ஊர்களில் ஒரு மாதம் தங்கித் தமிழ் பேசிப் பழக ஒரு கோடைகால வகுப்பும் தொடங்க வேண்டும்.