சிறு வானூர்திப் பயிற்சியில் தரைப் பாதுகாப்பின் வரலாறு

பறத்தல் பயிற்சியில் தரைப் பாதுகாப்பு என்பது, வானூர்தி நிற்கும்போதும், இயந்திரம் முடுக்கப்படும்போதும், ஓடுபாதையை நோக்கி நகரும்போதும் மாணவர், பயிற்றுநர், உதவியாளர் ஆகியோரைக் காக்கும் நடைமுறைகளைக் குறிக்கும். பறக்கக் கற்பதில் ஆபத்து வானத்தில்தான் என்று பலரும் எண்ணுவர். ஆனால், முன்விசிறி சுழலும் சிறு வானூர்தி தரையிலேயே உயிரைப் பறிக்க வல்லது. இன்றைய விதிகள் பலவும் இந்த ஆபத்தை உணர்ந்து உருவானவையே.

பறக்காத வானூர்திகள்

லூயி பிளேரியோ 1909-இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அவர் பெயரில் பிரான்சின் போ நகரில் பயிற்சிப் பள்ளி இயங்கியது. அக்கால வானூர்திகள் பலவற்றில் ஒருவர் மட்டுமே அமர முடியும். எனவே மாணவர் முதலில் தரையில் நேராக ஓட்டிப் பழக வேண்டியிருந்தது. இதற்காக இறக்கைகள் குறுக்கப்பட்ட, மேலெழும்ப இயலாத வானூர்திகள் பயன்பட்டன. பறக்காத பறவையின் பெயரால் இவை ‘பென்குயின்’ எனப்பட்டன. முதல் உலகப் போரிலும் பிரெஞ்சுப் பள்ளிகள் இம்முறையைப் பின்பற்றின.

1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி, பயிற்றுநரும் மாணவரும் இணைந்து பறக்கும் முறையைச் சீரமைத்தார். பேச்சுக்குழாய் வழியே பயிற்றுநரின் குரல் மாணவரை எட்டியது.

விசிறியைக் கையால் சுழற்றுதல்

1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் டைகர் மாத், பிரித்தானியப் பேரரசு முழுவதும் பயிற்சி வானூர்தியாயிற்று. அதற்குத் தானியங்கி முடுக்கியும் இல்லை, சக்கரத் தடையும் இல்லை. சக்கரங்களுக்கு முன் கட்டை வைத்து, ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் இழுத்துச் சுழற்ற வேண்டும்.

அவருக்கும் உள்ளே அமர்ந்திருப்பவருக்கும் இடையே கேள்வி-பதில் போன்ற ஒரு முறை இருந்தது. கீழே நிற்பவர், சுவிட்ச் அணைந்துள்ளதா, எரிபொருள் திறந்துள்ளதா என்று உரக்கக் கேட்பார். மேலே இருப்பவர் அதையே திரும்பச் சொல்லி உறுதி செய்வார். விசிறியைச் சில முறை திருப்பி எரிபொருள் உள்ளே இழுக்கப்பட்டபின், கீழே நிற்பவர் ‘காண்டாக்ட்’ என்பார். மேலே இருப்பவர் அதைத் திரும்பச் சொல்லி சுவிட்சைப் போடுவார். அதன் பிறகே இறுதிச் சுழற்று. டைகர் மாத்தின் சுவிட்சுகள் உடற்பகுதியின் வெளிப்புறத்தில் இருந்ததால், கீழே நிற்பவர் அவற்றைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது.

அணைந்த சுவிட்சை நம்பலாகாது

இவ்வளவு எச்சரிக்கைக்கும் காரணம் மேக்னெட்டோ என்னும் கருவி. வீட்டு விளக்கின் சுவிட்சை அணைத்தால் மின்சுற்று துண்டிக்கப்படும். மேக்னெட்டோவில் நடப்பது இதற்கு நேர்மாறு. அது மின்கலத்தை நம்பியிராமல், காந்தம் சுழல்வதாலேயே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும். சுவிட்சை அணைக்கும்போது ஒரு கம்பி வழியே அந்த மின்சாரம் இயந்திரத்தின் உடலோடு இணைக்கப்பட்டு வீணாக்கப்படுகிறது. அக்கம்பி அறுந்துவிட்டால், சுவிட்ச் ‘அணைந்தது’ என்று காட்டினாலும் தீப்பொறி உண்டாகும். உருளையில் சிறிது எரிபொருள் எஞ்சியிருந்தால், விசிறியைச் சற்றுத் திருப்பினாலே இயந்திரம் உதறி எழக்கூடும்.

ஆகவே, நிற்கும் விசிறியையும் எப்போது வேண்டுமானாலும் சுழலக்கூடியதாகவே கருத வேண்டும் என்பது மாணவருக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று.

இந்தியாவில்

இந்தியாவில் 1920-களின் இறுதியில் பறத்தல் கழகங்கள் தோன்றின. ஜே. ஆர். டி. டாட்டா 1929 பிப்ரவரி 10 அன்று வானோட்டி உரிமம் பெற்றார். விடுதலைக்குப் பின் பெங்களூர் இந்துஸ்தான் நிறுவனம் உருவாக்கிய எச்.டி-2 (1951), புஷ்பக் (1958) ஆகியவை பயிற்சிக்குப் பயன்பட்டன. இரண்டும் வால்சக்கரம் கொண்டவை. வால்சக்கர வானூர்தி தரையில் மூக்கை உயர்த்தி நிற்பதால் நேர் முன்னே இருப்பது சரியாகத் தெரியாது. ஆகவே வளைந்து வளைந்து செலுத்தி, இருபுறமும் பார்த்தே முன்னேற வேண்டும்.

மூக்குச்சக்கரமும் முடுக்கியும்

1950-களின் பிற்பகுதியில் வந்த செஸ்னா 172, செஸ்னா 150 போன்றவை மூக்குச்சக்கரம் கொண்டவை. முன்பார்வை தெளிவானது, தரையில் கட்டுப்படுத்துவதும் எளிதானது. மின்முடுக்கி பரவலானதால் விசிறியின் முன் ஆள் நிற்கத் தேவையில்லாது போயிற்று. ஆனால் அவரோடு அந்தக் கேள்வி-பதிலும் மறைந்தது. சுற்றிலும் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உள்ளே இருப்பவர் மீது விழுந்தது. இன்று வானோட்டி, முடுக்கும்முன் ‘கிளியர்’ என்று உரக்கக் கூவி, யாரும் அருகில் இல்லை என்று பார்த்துக்கொள்வது அந்த நடைமுறையின் தொடர்ச்சியே.

இன்றும் கவனம் தேவைப்படும் நேரம்

மாணவர் முதன்முறை தனியே பறக்கும் நாளில், பயிற்றுநர் இயந்திரம் ஓடும்போதே இறங்கிவிடும் வழக்கம் உண்டு. சுழலும் விசிறி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. மகிழ்ச்சியும் பரபரப்பும் கவனத்தைக் குறைக்கும். ஆள் ஏறவும் இறங்கவும் இயந்திரத்தை நிறுத்திவிடுவதே பாதுகாப்பானது. நிறுத்த இயலாதபோது, இறங்குபவர் வால்பக்கமாகவே விலகிச் செல்ல வேண்டும்.