கதவு திறந்தால் மட்டும் போதுமா?

பிள்ளையோ பேரப்பிள்ளையோ அமெரிக்காவில் பொறியியல் படிப்பது இன்று நம்மில் பல வீடுகளில் உள்ள சங்கதிதான். அங்கே பொறியியல் கல்லூரிகளில் இயங்கிவரும் ஒரு மாணவர் சங்கம் பிறந்த கதையை இன்று எழுதுகிறேன்.

இந்தியானா மாநிலத்தில் இருப்பது பர்டூ பல்கலைக்கழகம். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். 1894லேயே டேவிட் ராபர்ட் லூயிஸ் என்ற கறுப்பின மாணவர் அங்கே சிவில் என்ஜினியரிங் பட்டம் வாங்கியிருக்கிறார். ஆனால் 1960களின் கடைசியில் நிலைமை என்ன? பொறியியல் முதலாண்டில் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் 80 சதவீதம் பேர் படிப்பை விட்டுவிட்டார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் தேர்ச்சிப் பட்டியலில் இல்லை.

1971ல் எட்வர்ட் பார்னெட், பிரெட் கூப்பர் என்ற இரு மாணவர்கள் டீனிடம் போய், நாங்களே ஒரு சங்கம் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். புதியவர்களைச் சேர்க்க வேண்டும், சேர்ந்தவர்கள் பாதியில் போகாமல் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் நோக்கம். டீன் சம்மதித்தார். ஆர்தர் பாண்ட் என்ற கறுப்பின ஆசிரியர் ஆலோசகரானார்.

அடுத்து நடந்ததுதான் என்னைப் போன்ற பழைய குமாஸ்தாவுக்குப் பிடித்த பகுதி. சங்கத் தலைவரான ஆந்தனி ஹாரிஸ், நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் கல்லூரிகள் அனைத்துக்கும் கடிதம் எழுதினார். உங்களிடம் கறுப்பின மாணவர் தலைவர்கள் உண்டா, சங்கம் உண்டா, ஆசிரியர்கள் உண்டா என்று கேட்டு மொத்தம் 288 கடிதங்கள். 80 பதில்கள் வந்தன. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நினைவூட்டுக் கடிதம் மூன்று போட்டாலும் பதில் வராத உலகத்தில் இது நல்ல அறுவடை.

1975 ஏப்ரலில் 32 கல்லூரிகளிலிருந்து 48 மாணவர்கள் பர்டூவில் கூடினார்கள். கறுப்பினப் பொறியாளர்களின் தேசியச் சங்கம் அங்கே உருவாயிற்று. முன்னின்று நடத்திய ஆறு பேரை இன்றும் 'சிகாகோ சிக்ஸ்' என்று அழைக்கிறார்கள். 1976ல் சங்கம் முறையாகப் பதிவானது.

படிக்க வந்தவனுக்குச் சங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதற்கு நல்ல பதில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 1970களில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். சோம்பலா? இல்லை. அவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் அறைக்குள் தனியாக உழைத்தார்கள். அதே வகுப்பில் நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்தார்கள். தன் விடை தவறா, கணக்கே கடினமா என்று தனியாக இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. டிரைஸ்மன் மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேர்ச்சி கூடியது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 'லிபெர்த்தே, எகலித்தே, பிரத்தெர்னித்தே' என்பது சிறுவயதிலேயே மனப்பாடம். முதல் இரண்டையும் சட்டம் போட்டுக் கொண்டுவரலாம். சமத்துவம் என்று ஆணை பிறப்பித்துக் கதவைத் திறந்துவிடலாம். மூன்றாவதான சகோதரத்துவத்துக்கு எந்த அலுவலகத்திலும் ஆணை தட்டச்சு செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார ஒருவன் வேண்டும். பர்டூ மாணவர்கள் செய்தது அதைத்தான்.

இன்று அந்தச் சங்கத்தில் 20,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். இன்னமும் மாணவர்களே அதன் தலைமையில் இருக்கிறார்கள் என்பது விசேஷம். கூடிப் படிப்பது, வேலைவாய்ப்புச் சந்தை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைக்கால முகாம் என்று வேலைகள் விரிந்திருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில் கல்லூரியில் சேர்ந்தாலும், போனில் பேசும்போது மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். யாரோடு உட்கார்ந்து படிக்கிறாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.