சம்மதத்தின் ஏடு: எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் தொடர்புப் பட்டியலும் பிரசன்னச் சந்தாவும்

உடனடிச் செய்தி அனுப்பும் நெறிமுறைகளை ஆராய்வோருட் பலர், தொடர்புப் பட்டியலைப் பெயர்கள் அடங்கிய விலாசப் புத்தகமாகவே கருதி அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஆனால், 1999-இல் ஜெரெமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் வெளிப்படுத்தி, 2004-இல் இணையப் பொறியியல் பணிக்குழுவினரால் தரப்படுத்தப்பெற்று, 2011-இல் ஆர்எஃப்சி 6121 என்னும் ஆவணத்தால் திருத்தமுற்ற எக்ஸ்எம்பிபி நெறிமுறையை ஊன்றி நோக்குவோமாயின், அப்பட்டியல் விலாசங்களைக் காட்டிலும் சம்மதங்களையே பிரதானமாகப் பதிந்துவைக்கும் ஏடு என்பதும், அச்சம்மதத்தின் மூலப்பிரதி எவர் பக்கத்துச் சேவையகத்தில் இருக்கிறது என்பதே அதன் உயிர்நிலை என்பதும் விளங்கும்.

ஒருவர் இணைப்பில் உள்ளாரா, சற்றே அகன்றுள்ளாரா, தொந்தரவு வேண்டாமென்கிறாரா என்னும் நிலையே பிரசன்னம். அதனை அறிய விழைபவர் சந்தா கோரவேண்டும். அனுமதி கிடைத்தாலும் அது ஒருதிசைப்பட்டதே. ஆகவே பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரும், நான் அவரைக் காண்கிறேன், அவர் என்னைக் காண்கிறார், இருவரும் காண்கிறோம், எவரும் காணவில்லை என்னும் நால்வகையுள் ஒன்றில் நிற்கும். விடையிறுக்கப்படாத கோரிக்கையோ, கோரப்பட்டவரின் பட்டியலில் இடம்பெறாமல், அவர் இணையுந்தோறும் மீண்டும் அவர்முன் வைக்கப்படும். கேட்டவர் என்பதனாலேயே ஒருவர் நம் பட்டியலில் புகுந்துவிட முடியாது என்ற இந்த விதி மிகவும் நாகரிகமானது.

இருவர் வெவ்வேறு சேவையகங்களைச் சார்ந்திருப்பின், ஒரே உறவுக்கு இரு பிரதிகள் உண்டாகின்றன. அவை முரண்படுதலும் இயல்பே. இங்கேதான் நெறிமுறையின் நுட்பம் வெளிப்படுகிறது. ஒருவர் இணைந்தவுடன் அவருடைய சேவையகம், அவர் காண உரிமை பெற்றுள்ள ஒவ்வொருவரின் சேவையகத்திற்கும் ஒரு வினவலை விடுக்கிறது; அச்சேவையகம் கேட்பவரின் கூற்றை நம்பாமல் தன் ஏட்டையே புரட்டிப் பார்த்து, அனுமதி உண்டெனில் நிலையை உரைக்கிறது; இல்லையெனில், 2004-ஆம் ஆண்டு ஆவணம் விதித்த பிழைச்செய்தியோடு நில்லாமல், சந்தா இல்லை என்றே அறிவித்துக் கேட்டவர் பிரதியையும் திருத்தச் செய்கிறது. காணப்படுபவரின் ஏடே பிரமாணம் என்னும் கொள்கையை இதனினும் தெளிவாக நிலைநாட்டல் அரிது.

பிரசன்னத்தைக் கையாளும் மற்றொரு நெறிமுறையாகிய எஸ்ஐபி வழியிலோ சந்தாவுக்கு ஆயுள் உண்டு. இயல்பாக 3600 விநாடிகள் கழிந்தால் புதுப்பித்தாகவேண்டும். வலையமைப்பின் நிலையாமைக்கு அது தக்க பரிகாரமே. எனினும் அங்கே காலாவதியாவது இணைப்பின் ஆயுளேயன்றி மனிதர் அளித்த சம்மதமன்று. அனுமதி வேறொரு கொள்கை ஏட்டில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எக்ஸ்எம்பிபியை நெகிழ்ச்சியற்றது எனக் குறைகூறுவாரோடு நான் உடன்படேன். ரத்து செய்யும்வரை சம்மதம் நிலைத்திருப்பதே முறை.

வேறொரு குறையை மறுப்பதற்கில்லை. பட்டியல் சேவையகத்தில் இருப்பதால்தான் எந்தக் கருவியில் நுழைந்தாலும் அது நமக்குக் கிட்டுகிறது. அதனாலேயே சேவையகத்தை நடத்துவோர், செய்திகள் முனைக்கு முனை மறைக்குறியாக்கம் பெற்றிருப்பினும், எவர் எவரைக் காண உரிமை பெற்றார் என்பதை வெளிப்படையாக அறிவர்.