சமயபுரத்துல ஒரு ராத்திரி: சாகச நாவலுக்குள்ள வராதவங்க

இன்னைக்கு எபிசோட்ல ஒரு இளம் ராணுவ அதிகாரி, ஒரு சாகச நாவல், அப்புறம் நம்ம ஊர்.

தொட்டியத்துலேர்ந்து காவிரியோட வடகரையிலேயே கிழக்கே வந்தா முசிறி, குணசீலம், அடுத்து முக்கொம்பு. அங்கதான் ஆறு ரெண்டாப் பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. இந்த மேப்பை மனசுல வெச்சுக்குங்க. 1752-ல இந்தத் தீவே ஒரு பொறியா மாறுச்சு.

ஆற்காடு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க. திருச்சிக் கோட்டைக்குள்ள இருந்த முகம்மது அலி பக்கம் ஆங்கிலேயக் கம்பெனி. கோட்டையை முற்றுகை போட்டிருந்த சந்தா சாகிப்பும் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லாவும் ஒரு கட்டத்துல பின்வாங்கி, தீவுக்குள்ள போயிட்டாங்க. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் ரெண்டு கோயிலும் படை முகாமாச்சு. அவங்களுக்கு வடக்கேர்ந்து உதவி வரக் கூடாது. அதுக்காகக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சமயபுரத்துல வந்து உட்கார்ந்தவர் ராபர்ட் கிளைவ். வயசு 26.

ஏப்ரல் மாசம், நடு ராத்திரி. லா அனுப்பின ஒரு படை முகாமுக்குள்ளேயே நுழைஞ்சிடுது. எப்படி? அதுல ஆங்கிலேயப் படையை விட்டு ஓடிப்போய் பிரெஞ்சுக்காரங்களோட சேர்ந்தவங்க இருந்தாங்க. அவங்க இங்கிலீஷ்ல பேசினதைக் கேட்டு, நம்ம ஆளுங்கதான்னு காவல்காரங்க விட்டுட்டாங்க.

கிளைவ் ஒரு சாவடியில தூங்கிட்டிருந்தார். உள்ள வந்த குண்டுல பக்கத்துல படுத்திருந்த வேலைக்காரர் செத்துப்போனார். வெளிய ஓடிவந்த கிளைவ், சுடுறவங்க தன் சிப்பாய்கள்னு நினைச்சுத் திட்டினார். எதிரிப் படைக்கு நடுவுல நிக்கிறோம்னு வெட்டுப்பட்ட பிறகுதான் புரிஞ்சது. விடிஞ்சதும், கோயிலுக்குள்ள புகுந்துட்டவங்களைச் சரணடையச் சொல்லி வாசல்ல போய் நின்னார். ரத்தம் போன அசதியில ரெண்டு சார்ஜென்ட்டுங்க தோள்ல சாய்ஞ்சிருந்தார். உள்ளேருந்து ஒருத்தன் சுட்டான். குண்டு கிளைவ் மேல படலை. தோள் கொடுத்த ரெண்டு பேரும் அந்தக் குண்டுலயே போயிட்டாங்க.

132 வருஷம் கழிச்சு, 1884-ல, ஜி. ஏ. ஹென்டி 'வித் கிளைவ் இன் இந்தியா'ன்னு பசங்களுக்காக ஒரு நாவல் எழுதினார். ஹீரோ சார்லி மேரியட் ஒரு கற்பனைப் பையன். கம்பெனியில எழுத்தரா வந்து, அதிகாரியா உயர்றான். திருச்சி, ஸ்ரீரங்கம் போரும் அதுல வருது. தைரியமா இருந்தா ஜெயிக்கலாம்ங்கறதுதான் இந்த மாதிரி கதைகளோட கணக்கு. கிளைவுக்குத் தைரியம் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா அந்த ராத்திரி அவரைக் காப்பாத்தினது அதிர்ஷ்டமும் பக்கத்துல இருந்த மூணு பேரோட உயிரும்தான். அந்த வேலைக்காரர் பேர் கதையில எங்கயும் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. பிரெஞ்சுப் பக்கத்துலேர்ந்து வந்த அந்தப் படையில சுமார் 700 சிப்பாய்கள். கிளைவோட இருந்த மராத்தியக் குதிரைப்படை துரத்திப் போய், ஒருத்தரையும் விடலைன்னு சொல்லுச்சு. ராபர்ட் ஓர்ம் அந்தக் காலத்துலேயே எழுதின வரலாற்றுல இது பதிவாகியிருக்கு. சாகசக் கதையில இது ஒரு வரி. ஆனா 700 குடும்பம்.

ஜூன்ல லா சரணடைஞ்சார். தஞ்சைத் தளபதி மனோஜியை நம்பிப் போன சந்தா சாகிப்போட தலையை வெட்டிட்டாங்க.

உண்மையிலேயே ஒரு நாவல் எழுதணும்னா, அதே திருச்சிப் போர்ல வளர்ந்த இன்னொரு வீரர் இருக்கார். முகம்மது யூசுப் கான், நாம மருதநாயகம்னு சொல்றவர். திருச்சிக்கு உணவு கொண்டுவர்ற வண்டிகளைக் காத்துப் பேர் வாங்கி, கம்பெனி சிப்பாய்களுக்கே தலைவரானார். மதுரையை நிர்வகிச்சார். கடைசியில கம்பெனியையும் நவாபையும் எதிர்த்தார். 1764-ல மதுரையில தூக்குல போட்டாங்க. கமல் 1997-ல தொடங்கின அவரோட படம்கூட இன்னும் முடியலை.

சாகசக் கதை படிங்க, நல்லா ரசிங்க. ஹீரோ தப்பிக்கிற இடத்துல மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, பக்கத்துல யார் நின்னாங்கன்னு பாருங்க. அடுத்த தடவை சமயபுரம் போனா, அந்த ராத்திரியையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.