சாக்லேட் மணக்கும் சிற்றூர்

பர்மிங்காம்! ஊரா அது? உலைக்கூடம்! பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அந்த இங்கிலாந்து நகரின் ஏழைத் தொழிலாளி முடங்கிக் கிடந்த இடத்தை வீடு என்றழைக்க நா கூசும். பின்சுவர் ஒன்றையே இரு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட கூண்டுகள். முன்புறமன்றிப் பிறிதோர் சன்னல் இல்லை. பல வீட்டாருக்கும் ஒரே முற்றம், அந்த முற்றத்திலேயே கழிப்பிடம். உழைத்துக் களைத்தவன் மதுக்கடையிலே மறதியைத் தேடினான். குடிகாரன், திருந்தமாட்டான் என்று கைவிரித்தனர் கோமான்கள். அவன் குடியிருப்பே அவனைக் குடிக்குத் துரத்தியது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

எண்ணிப் பார்த்தார் ஜார்ஜ் காட்பரி. கோக்கோ ஆலையின் உரிமையாளர், குவேக்கர் நெறியினர். ஆண்டவனை அணுகப் பாதிரி எதற்கு என்று கேட்ட நெறி அது! கேட்ட குற்றத்திற்காக, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் அவர்களுக்கு நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. எனவே வணிகத்தில் புகுந்தனர் பலர். ஞாயிறுதோறும் முதியோர் பள்ளியில் தொழிலாளருக்கு எழுத்தறிவித்து வந்த ஜார்ஜ், அவர்தம் வாழ்வின் அவலத்தை அங்கேதான் அறிந்தார்.

1879-இல் அவரும் தமையனார் ரிச்சர்டும் ஆலையை நகருக்கு வெளியே வயல்வெளிக்கு மாற்றினர். அங்கே ஓடிய போர்ன் எனும் ஓடையின் பெயரோடு 'வில்' எனும் பிரெஞ்சுச் சொல்லை ஒட்டினர், போர்ன்வில் பிறந்தது. பிரெஞ்சு சாக்லேட்டுக்கு அன்று அத்தனை மதிப்பு! எத்துணை நெறியினராயினும் வணிகர் வணிகரே.

1893-இல் 120 ஏக்கர் வாங்கினார் ஜார்ஜ். 1895-இல் வீடுகள் எழத் தொடங்கின. வரைந்தவர் ஹார்வி எனும் இளைஞர். இரண்டிரண்டாய் இணைந்த செங்கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தோட்டம், குடிபுகுமுன்பே நட்டு வைத்த பழமரங்கள். மதுக்கடை மட்டும் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கே என்ற வேலியும் இல்லை, வெளியாரும் குடியேறலாம்.

1900-இல் அவர் செய்ததுதான் பெரிது. 313 வீடுகளையும் 330 ஏக்கரையும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். வாடகை வருவாய், ஊரைப் பேணவும் மேலும் வீடு கட்டவுமே! 2010-இல் ஆலையை அமெரிக்க நிறுவனமொன்று வாங்கியபோதும், ஊர் அறக்கட்டளையிடமே இருந்தது.

குறை இல்லையா? உண்டு. வாடகை கொடுக்கவியலாத வறியவன் பழைய முற்றத்திலேயே கிடந்தான். ஆலையிலே, மணம் முடித்த பெண்ணுக்கு வேலை இல்லை.

அவற்றினும் கொடியது கடலுக்கு அப்பால் இருந்தது. ஆலைக்கு வந்த கோக்கோவில் பெரும்பங்கு, போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவினுடையது. அங்கோலாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட கறுப்பினத்தார் அங்கே உழைத்தனர். ஏட்டில் ஒப்பந்தக் கூலிகள், நாட்டில் அடிமைகள், ஊர் திரும்பியோர் அரிது. இச்செய்தி 1901-இலேயே நிறுவனத்தின் காதுக்கு எட்டிற்று. நெவின்சன் எனும் செய்தியாளர் நேரிற் கண்டு 1906-இல் நூலாகவே வெளியிட்டார். காட்பரியாரோ ஆள் அனுப்பி ஆராய்ந்தனர், அரசோடு பேசினர், கோக்கோவும் வாங்கினர்! வாங்கிக்கொண்டே இருந்தால்தான் போர்த்துகீசியர் நம் சொல்லுக்குச் செவிசாய்ப்பர் என்பது அவர்கள் வாதம். 1909 மார்ச்சில்தான் வாங்குவதை நிறுத்தினர்.

தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் அடிமைகளாய் வதைபடுவதைக் கண்டித்த 'டெய்லி நியூஸ்' ஜார்ஜுடைய ஏடு. தன் வீட்டு அடிமையை மறந்தீரே என்று 1908-இல் இடித்துரைத்தது 'ஸ்டாண்டர்டு' எனும் ஏடு. அவதூறு என்று வழக்குத் தொடுத்தது நிறுவனம். 1909 டிசம்பரில் பர்மிங்காமிலேயே தீர்ப்பு. வென்றது நிறுவனந்தான். மானநட்டத்திற்கு ஈடாக நடுவர் குழு வழங்கிய தொகை ஒரு ஃபார்த்திங். பென்னியிலே கால் பங்கு!